நாளுக்கு ஓர் இழை

அம்மாவைப் பெற்ற என் ஆயாவின் பின்னல் ஊசிகள், முடிக்காத ஒரு வேலையோடு சேர்ந்தே எனக்குக் கிடைத்தன. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு சென்னையில் பார்த்துவந்த கணக்கு வேலையை விட்டுவிட்டு, காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர் வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தேன். முதல் கோடையில் இரண்டாம் கட்டை ஒட்டிய அறையைச் சுத்தம் செய்தோம். மரப் பெட்டகத்தின் அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே நான்கு ஜோடி ஊசிகள், ஒரு குரோஷா ஊசி, வெளிர்நீலக் கம்பளி நூலில் பின்னிய ஒரு சிறு ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம். கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், இன்னும் ஊசியிலேயே இருந்தன. பக்கத்து வேலையை முடித்துவிட்டு வந்து தொடரலாம் என்று வைத்ததைப் போல.

கொடைக்கானலில் படித்த பெரிய மாமா மகனுக்காக ஆயா தொடங்கியதாக இருக்கும் என்றார் அம்மா. அந்தப் பையனுக்கு இப்போது பேரன் இருக்கிறான். கம்பளியில் பூச்சி அரித்த ஓட்டைகள் ஏழோ எட்டோ இருந்தன. அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. தொடர்ந்து பின்னவும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் வீடியோ பார்த்துத் தனியாகவே முயன்றேன். கண்ணி ஏற்றுவது வந்தது, நேர்ப்பின்னல் (knit) வந்தது, மறுபின்னலும் (purl) வந்ததாகத்தான் நினைத்தேன். ஆனால் பின்னியதெல்லாம் அட்டை போல விறைத்து நின்றது. அடுத்த கண்ணிக்குள் ஊசி நுழையவே மறுக்கும். கை இறுக்கம்தான் காரணம் என்று எண்ணி நூலைத் தளர்த்திப் பிடித்தேன், ஊசியை மாற்றினேன், நூலையும் மாற்றினேன். எதுவும் உதவவில்லை.

பக்கத்துத் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல். அந்தக் காலத்தில் கொட்டான் என்னும் ஓலைக்கூடைக்கு மேலுறை, கண்ணாடிக்குத் திரை, நாற்காலிக் கைப்பிடிக்கு விரிப்பு என்று குரோஷாவிலும் மணியிலும் வீட்டை நிறைத்தவர். அம்மாதான் அவரிடம் போகச் சொன்னார். ஆச்சி என் துண்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு, "பின்னு, பார்க்கிறேன்" என்றார். மறுபின்னலில் மூன்றே கண்ணி போட்டிருப்பேன். என் விரலைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"நூலை ஊசிக்கு மேலே கொண்டுவந்து கீழே இறக்க வேண்டும், ஆத்தா. நீ கீழிருந்து மேலே சுற்றுகிறாய். அதனால் ஒவ்வொரு கண்ணியும் கால் மாறி உட்கார்ந்திருக்கிறது."

இரண்டு மாதத்துக் கஷ்டத்துக்கு விடை அவ்வளவுதான். வீடியோவில் வருபவரின் கையை நான் ஆயிரம் முறை பார்த்திருப்பேன். என் கையைப் பார்க்க அந்த இடத்தில் யாரும் இல்லை. கைவேலையில் பிழை செய்கிறவருக்கு அந்தப் பிழை தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். புதிதாகத் தொடங்குகிற யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: நூல் வாங்கும் முன் ஆள் தேடுங்கள்.

எங்கள் சனிக்கிழமைகள் அப்படித்தான் தொடங்கின. முதலில் ஆச்சியும் நானும். பிறகு கோட்டையூரிலிருந்து தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, அவர் மகள், காரைக்குடியிலிருந்து இரண்டு கல்லூரிப் பெண்கள், தபால் துறையில் ஓய்வு பெற்ற ஓர் அண்ணன். இப்போது பதினொரு பேர். மாலை நான்கு மணிக்கு ஆச்சி வீட்டுப் பட்டாலையில் கூடுவோம். எதிரே வளவு என்னும் திறந்த முற்றம். மேலிருந்து விழும் வெளிச்சம் ஆறு மணி வரை போதும். கோடையில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளிர்ந்து கிடக்கும், தரையிலேயே உட்கார்ந்துவிடுவோம். கறுப்பு நூலில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் வளவின் ஓரத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஏனென்றால் கறுப்பில் கண்ணி எளிதில் தெரியாது. தொடங்குகிறவர்கள் வெளிர்நிறம் எடுப்பது நல்லது.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்: வேலை முடிந்த பிறகுதான் பலகாரம். வெள்ளைப் பணியாரமோ சீப்புச் சீடையோ, எதுவாக இருந்தாலும் எண்ணெய்க் கை பருத்தி நூலில் பட்டால் கறை நன்றாக ஏறிவிடும். அதற்குமேல் அந்த இடம் தூசியையும் இழுக்கும். கல்லூரிப் பெண் ஒருத்தியின் வெள்ளை மேசை விரிப்பு அப்படித்தான் பாழானது. அதற்குப் பிறகு வந்த சட்டம் அது.

இந்த ஊர் வெயிலில் பின்னல் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். பின்னல் என்றாலே கம்பளி என்று அவர்கள் நினைப்பதால் வரும் கேள்வி அது. எங்கள் கூட்டத்தில் முக்கால் பங்கு வேலை பருத்தியில்தான் நடக்கிறது. குழந்தைச் சட்டை, பால்குடித் துணி, முகம் துடைக்கும் துண்டு, பை, கொட்டான் உறை. கம்பளி எடுப்பது வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்காக மட்டும். ஆனால் பருத்தியில் பின்னுவதற்கு என்று தனிப் பழக்கம் வேண்டும். கிடைக்கும் பின்னல் முறைக் குறிப்புகளில் பெரும்பாலானவை கம்பளியை மனத்தில் வைத்து எழுதியவை. கம்பளி இழுத்தால் நீண்டு, விட்டால் தன் அளவுக்குத் திரும்பிவிடும். பருத்திக்கு அந்தத் துள்ளல் கிடையாது. கம்பளியில் கையின் ஏற்றத்தாழ்வைத் துணியே மறைத்துக்கொள்ளும். பருத்தி ஒவ்வொரு கண்ணியையும் உள்ளது உள்ளபடி காட்டும். மணிக்கட்டும் சீக்கிரம் வலிக்கும். அதனால் பருத்திக்கு மூங்கில் ஊசி நல்லது, கண்ணி வழுக்காது. முறையில் சொன்னதைவிட ஓர் அளவு சின்ன ஊசியை எடுத்தால் துணி தொளதொளவென்று ஆகாது.

ஊசி அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆயாவின் ஊசிகளில் 8, 10, 12 என்று எண்கள் இருந்தன. அவை பழைய பிரிட்டிஷ் எண்கள். அந்தக் கணக்கில் எண் கூடக்கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. இன்றைய முறைகள் மில்லிமீட்டரில் எழுதப்படுகின்றன. நம் வீடுகளில் பாட்டிமார் விட்டுப்போன ஊசிகளை எடுப்பவர்கள் இந்த மூன்று அளவுகளையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரித் துண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நான் பட்டிருக்கிறேன். 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வர வேண்டும் என்று முறை சொல்கிறது. உங்கள் கையில் 22 வருகிறது. இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். 50 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள குழந்தைச் சட்டைக்கு 100 கண்ணி ஏற்றினால், கையில் கிடைப்பது 45 சென்டிமீட்டரை ஒட்டிய சட்டை. அது குழந்தையின் தலை வழியாக இறங்காது. முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, சட்டையை எப்படித் துவைப்போமோ அப்படியே அதைத் துவைத்து, காய வைத்த பிறகு அளக்க வேண்டும். துவைக்காமல் அளந்தால் பருத்தி ஏமாற்றிவிடும்.

என் முதல் பெரிய வேலை அப்படித்தான் போனது. என் அக்கா பேத்திக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு கவுன் பின்னினேன். நாற்பது நாள் வேலை. துவைத்து, வழக்கம்போல் கொல்லைக் கொடியில் தொங்கவிட்டேன். ஈரப் பருத்தியின் கனம் கண்ணிகளை எல்லாம் கீழே இழுத்துவிட்டது. காய்ந்த பிறகு பார்த்தால் முழங்கால் வரை வர வேண்டிய கவுன் கணுக்கால் வரை நீண்டிருந்தது. அன்று அழுதுவிட்டேன். பின்னிய துணியைத் துண்டில் சுருட்டி நீரை அழுத்தி எடுத்து, பாயில் விரித்து, கையால் அளவு திருத்திக் காய வைக்க வேண்டும். கொடியே கூடாது. அந்தக் கவுனை ஆச்சி மடியில் போட்டுக்கொண்டு கீழ் விளிம்பிலிருந்து பார்த்தார். "கழுத்துப் பக்கம் நன்றாக இருக்கிறது. கீழே பிரித்து அளவோடு முடித்துவிடலாம், பிரிந்த நூலில் ஒரு தொப்பியும் வரும்" என்றார். பிரிக்கும்போது எதிரே உட்கார்ந்து நூலைப் பந்தாகச் சுற்றியவர் தபால் அண்ணன். தனியாக இருந்திருந்தால் அதைப் பெட்டகத்தில் போட்டு மூடியிருப்பேன்.

நூல் கிடைப்பதுதான் எங்களுக்குப் பெரிய பாடாக இருந்தது. காரைக்குடிக் கடைகளில் கிடைக்கும் பின்னல் நூலில் பெரும்பாலானவை அக்ரிலிக். வியர்க்கிற உடம்புக்கு அது ஆகாது. அப்போதுதான் கோட்டையூர் அக்கா தனக்குத் தெரிந்த ஒரு தறிக்கார அண்ணனிடம் எங்களை அழைத்துப் போனார். கண்டாங்கிச் சேலை நெய்கிறவர். 2019-இல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது ஊருக்கே தெரியும், ஆனால் அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்புமாக அந்தக் கட்டங்கள் தறியில் எழும்புவதை நான் பார்த்தது அன்றுதான். நூல் நம்பர் என்றால் என்ன என்று அவர்தான் விளக்கினார். 840 கஜம் நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் இப்படி எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுதான் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் பவுண்டுக்கு 40 சிட்டம், மெல்லிய நூல். 2/20 என்று எழுதியிருந்தால் 20-ஆம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது.

பின்னலுக்கு அது ஒற்றையாகப் போதாது. 2/20 நூலில் எட்டு இழைகளை ஒன்றாகப் பிடித்து 4 மில்லிமீட்டர் ஊசியில் பின்னிப் பார்த்தோம். குழந்தைத் துணிக்குச் சரியான பருமன் வந்தது. கணக்குப் போட்டால் 50 கிராமுக்கு 100 மீட்டருக்குச் சற்று மேல் வருகிறது, நடுத்தரப் பின்னல் நூலின் அளவு. எட்டுக் கூம்பு நூலைத் தரையில் வரிசையாக வைத்து, ஒரு நாற்காலிக் கைப்பிடி வளையத்தின் வழியாக எல்லா இழைகளையும் சேர்த்து இழுத்துப் பந்தாகச் சுற்றிக்கொள்கிறோம். ஊசி நுனி ஓர் இழையை விட்டுவிட்டு ஏழு இழைகளை மட்டும் எடுக்கும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரே வேலைக்கு வேண்டிய சாய நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த தடவை போட்ட சாயம் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், பின்னி முடித்து முற்றத்து வெளிச்சத்தில் விரித்ததும் கோடு போட்டது போலத் தனித்து நிற்கும்.

தறியில் மிஞ்சும் பாவு (நீளவாட்டு நூல்) நுனிகளையும் அந்த அண்ணன் எங்களுக்குத் தருகிறார். முழ நீளம்கூட இருக்காது. கம்பளி என்றால் இரண்டு நுனியைப் பிரித்து, ஈரம் தொட்டு, உள்ளங்கையில் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். பருத்தி அப்படி ஒட்டாது. பழைய நூலையும் புதிய நூலையும் சேர்த்துப் பிடித்து ஐந்தாறு கண்ணி பின்னிவிட்டு, நுனிகளைப் பின்புறம் ஊசியால் உள்ளே ஓட்டிவிடுகிறோம். கண்டாங்கி நிறங்களில் அப்படிப் பின்னிய சின்னப் பைகள் இப்போது எங்கள் ஊர்க் கல்யாணங்களில் வெற்றிலை பாக்குப் போட்டுத் தரப்படுகின்றன.

நூற்பு எங்கள் கூட்டத்துக்கு வந்தது தபால் அண்ணனால். அவருக்குப் பின்னலில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. மனைவி காலமான பிறகு மாலை நேரத்தைக் கழிக்க இடம் தேடி வந்தவர், மற்றவர்களுக்குப் பந்து சுற்றித் தந்துகொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை, "நூலை வாங்குவானேன், நாமே நூற்றால் என்ன?" என்று கேட்டார். ஆச்சி எழுந்து உள்ளே போய், கையால் சுழற்றி நூற்கும் ஒரு தக்ளியோடு வந்தார். பித்தளை வட்டு, இரும்புக் கதிர், நுனியில் சிறு கொக்கி. ஐம்பதுகளில் பள்ளிக்கூடத்தில் நூற்பு வகுப்புக்காகக் கொடுத்ததாம். எழுபது வருடம் அதை வைத்திருந்தவர், இத்தனை மாதமும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கேட்டதற்கு, "யாரும் கேட்கவில்லையே" என்றார்.

ராட்டை எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 1927-இல் காந்தி கதருக்காகத் தமிழ்நாட்டைச் சுற்றி வந்தபோது செட்டிநாட்டு ஊர்களிலும் பேசினார், நிதி திரட்டினார். சிராவயலில் ஜீவானந்தம் நடத்திவந்த ஆசிரமத்துக்கே போய் அவரைச் சந்தித்தார். இங்கிருந்து சிராவயல் பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். மஞ்சுவிரட்டுக்காக மட்டும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும் எங்கள் கல்லூரிப் பெண்களுக்கு ஆச்சி இதைச் சொன்னபோது அவர்கள் கதிர் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

தக்ளியில் நூற்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதைக் கற்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. பருத்தி இழை குட்டையானது. எங்களுக்குக் கிடைக்கும் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியில் இன்னும் குட்டை. குட்டை இழை கூடுதல் முறுக்கு கேட்கும். தொங்கவிட்டுச் சுற்றும் கனமான கதிரில் முறுக்கு ஏறுவதற்குள் நூல் அறுந்து விழும். அதனால்தான் தக்ளியின் கீழ்நுனி ஒரு கிண்ணத்தில் ஊன்றிச் சுழல்கிறது, கதிரின் பாரம் நூலில் விழுவதில்லை. நாங்கள் சின்னப் பீங்கான் கிண்ணம் வைத்துக்கொள்கிறோம், கொட்டாங்கச்சியும் போதும். கதிரில் ஏற்கெனவே நூற்ற முழ நூல் ஒன்றைக் கட்டி, கொக்கியில் மாட்டி, அதன் நுனியில் பஞ்சுத் திரியின் நாலைந்து இழைகளைப் படியவிட்டு வலமாகச் சுழற்ற வேண்டும். முறுக்கு மேலேறி வந்து பஞ்சைப் பற்றிக்கொள்ளும். அப்போது இடது கை பின்னால் போக வேண்டும். எனக்குத் தடுமாற்றம் அங்கேதான். பஞ்சு போய்விடுமோ என்ற பயத்தில் இறுக்கிப் பிடித்தேன். இறுக்கிய இடத்தில் பஞ்சு வராது, நூல் அறும். ஆச்சி என் உள்ளங்கைக்கும் திரிக்கும் இடையில் ஒரு விபூதி மடித்த தாளைச் செருகி, "தாள் கசங்காமல் நூற்றுக் காட்டு" என்றார். மூன்றாவது வாரம் தாள் கசங்கவில்லை. முதல் நாள் ஒரு மணி நேரத்தில் பத்து மீட்டர், அதுவும் கயிறும் தும்புமாக. இப்போது பேசிக்கொண்டே நூற்கிறேன்.

நேரமும் முக்கியம். சித்திரை வைகாசியில் பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் நூல் நிமிடத்துக்கு ஒரு முறை அறும். அதே பஞ்சு, அதே கை, விடியற்காலையில் ஒழுங்காக வரும். பருத்தி ஈரத்தில்தான் பலம் பெறும். காற்று உலர்ந்தால் இழைகள் ஒன்றையொன்று விலக்கும். நூற்பாலைகளில் ஈரப்பதத்தைக் கட்டிக் காப்பதும் இதற்காகத்தான். அதனால் கோடையில் நூற்பைக் காலைக்கு மாற்றிவிட்டோம், ஐப்பசியில் எந்த நேரமும் நல்ல நேரம்.

முதல் முறை சேர்ந்த நூலை ஆசையோடு ஒற்றையாகவே பின்னினேன். சதுரமாகத் தொடங்கிய துண்டு சாய்சதுரமாக முடிந்தது. எவ்வளவு இழுத்து நிமிர்த்தினாலும் திரும்பவும் சாய்ந்தது. நூலில் அடங்காமல் இருந்த முறுக்கு துணியையே திருகுகிறது. நூற்ற நூலை இரண்டு கைக்கு நடுவில் தளர்த்திப் பாருங்கள், தன்மேல் தானே சுருண்டால் அதில் முறுக்கு உயிரோடு இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட இரண்டு நூலைச் சேர்த்து, இந்த முறை இடமாகச் சுழற்றி முறுக்க வேண்டும். இரட்டித்த நூலைத் தொங்கவிட்டால் சுருளாமல் வளைந்து நிற்க வேண்டும், அதுதான் அளவு. பிறகு சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளரக் கட்டி, கொஞ்சம் சோப்புப் போட்ட நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிடுகிறோம். பருத்தியின் மேல் இருக்கும் மெழுகுப் பசை இறங்கி நீர் பழுப்பாகும். முறுக்கும் படிந்துவிடும். அப்படி நூற்ற இரட்டை நூலில் தபால் அண்ணன் பின்னிய முதல் கைத்துண்டு, 20 சென்டிமீட்டர் சதுரம், 45 கிராம். நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். அதைத் தன் மனைவியின் படத்துக்குக் கீழே விரித்து வைத்திருக்கிறார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பெட்டி ராட்டை எப்போதாவது வரும். நாங்கள் ஒன்று வாங்கினோம். வாங்க நினைப்பவர்கள் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். கதிரைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். துள்ளாமல் உருண்டால் நேராக இருக்கிறது. வளைந்த கதிரை வைத்துக்கொண்டு நூற்க முடியாது. சக்கரம் ஆடாமல் சுற்ற வேண்டும். கயிறு இற்றுப் போயிருந்தால் கவலையில்லை, பருத்தி நூலை முறுக்கி நாமே போட்டுக்கொள்ளலாம்.

கல்லூரிப் பெண்களில் ஒருத்தி விடியற்காலைப் பல்லவனில் சென்னைக்குப் போகும்போதெல்லாம் வட்ட ஊசியில் காலுறை பின்னிக்கொண்டு போகிறாள். ரயிலில் கண்ணி தவறி இறங்கினால் பதற வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். தவறிய கண்ணியில் ஒரு சேஃப்டி பின் மாட்டிவிட்டால் அது அங்கேயே நிற்கும். வீட்டுக்கு வந்து குரோஷா ஊசியால் படிப்படியாக மேலே ஏற்றிவிடலாம். சிக்கலான வடிவம் பின்னும்போது பத்து வரிசைக்கு ஒரு முறை வேறு நிறத் தையல் நூலை எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் ஓட்டி வைப்பதும் அவளிடமிருந்து நாங்கள் கற்றதுதான். பிரிக்க நேர்ந்தால் அந்த நூல் வரைதான் பிரியும்.

மணிக்கட்டைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு முறை ஊசியை வைத்துவிட்டு எழுந்து நடப்பது எங்கள் வழக்கம். ஆச்சி எழுந்தால் எல்லாரும் எழ வேண்டும்.

ஆயாவின் நீல முதுகைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு வருடம் அதை ஆச்சியிடம் காட்டவே இல்லை. ஒரு நாள் எடுத்துப் போனேன். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். ஆயாவின் கை எவ்வளவு சீரானது என்று அப்போதுதான் எனக்குப் படித்தறிய முடிந்தது. ஓர் இடத்தில் மட்டும் இரண்டு வரிசை சற்று இறுக்கமாக இருந்தது. "இங்கே அவளுக்கு ஏதோ அவசரம்" என்றார் ஆச்சி. எனக்குத் தொண்டை அடைத்தது. பிரித்துவிடலாமா என்று நான் கேட்டபோது யாரும் பேசவில்லை. ஆச்சிதான், "குழந்தைக்குப் போட என்று தொடங்கினாள். குழந்தைக்குப் போகட்டும்" என்றார்.

ஒரு நுனியைத் தேடி எடுத்துப் பிரித்தோம். பூச்சி அரித்த இடத்தில் அறும், அங்கே ஈரம் தொட்டுத் தேய்த்து ஒட்டினோம். பிரித்த கம்பளி அலை அலையாகச் சுருண்டு நிற்கும், அப்படியே பின்னக் கூடாது. சிட்டமாக்கி, வெதுவெதுப்பான நீரில் கசக்காமல் ஊறவைத்து, கீழே லேசான பாரம் கட்டி நிழலில் தொங்கவிட்டதும் நேரானது. ஒரு தொப்பிக்கும் ஒரு ஜோடிக் கையுறைக்கும் போதுமான நூல் தேறியது. கனடாவில் இருக்கும் பெரிய மாமா மகனின் பேரனுக்கு அனுப்பினோம். மிச்ச நூலை வசம்போடும் உலர்ந்த வேப்பிலையோடும் துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து உதறி வெயில் காட்டுகிறேன். கம்பளியைப் பெட்டகத்தில் வைத்து மறந்துவிடுவதால்தான் பூச்சி வருகிறது.

போன கார்த்திகையில் ஆச்சி என்னை வீட்டுக்கு அழைத்தார். எங்கள் நகரத்தார் வழக்கத்தில் பிள்ளையார் நோன்புக்குக் கார்த்திகை தீபத்தன்று தொடங்கி 21 நாள், கோடி வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழை எடுத்துச் சேர்ப்பார்கள். அந்த 21 இழையையும் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் இட்டுக்கொள்வது நோன்பு. சிறு வயதிலிருந்து அந்தச் சுடரை வாயில் இட்டுக்கொண்டவள்தான் நான். அந்த இழையை வேட்டியிலிருந்து உருவுவது யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டது. வேட்டியை என் மடியில் வைத்தார்.

பதின்மூன்று நாள் முழு இழையாக வந்தது. 14-ஆம் நாள் பாதியில் அறுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். "துணியை இழுக்காதே. துணியைச் சுருக்கிக்கொண்டே போ, இழை தானாக வெளியே வரும்" என்றார் ஆச்சி. பக்கத்து இழையைப் பிடித்து, பஞ்சுத் திரியைப் பிடிப்பது போல் விரலைத் தளர்த்தி, துணியை அதன்மேல் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டே போனேன். இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை அறாமல் வந்தது. ஆச்சி அதை விரலால் நீவிப் பார்த்து, மற்ற பதின்மூன்றோடு சேர்த்துப் பித்தளைத் தட்டில் வைத்தார்.